பவண்டோவுக்கு இரங்கல் எழுதாதீர்கள்

எங்கள் கோச்சடைப் பக்கம் கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும் ஒன்றைக் கவனிக்கிறேன். பந்தி முடிந்து கை கழுவி வந்ததும் நீட்டுவது வெளிநாட்டுக் கம்பெனியின் பாட்டில். கேட்டால், "பெரிய இடத்துச் சம்பந்தம், பவண்டோ வைத்தால் மதிப்பாக இருக்காது" என்கிறார்கள். இதே ஆட்கள்தான் வாட்ஸ்அப்பில் "நம்ம ஊர் பவண்டோ, மறக்க முடியுமா?" என்று படம் போட்டு உருகுகிறார்கள். இந்த உருகலைக் கண்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பவண்டோ ஒன்றும் செத்துப்போன சரக்கு இல்லை. 1916-ல் அன்றைய விருதுபட்டியில் பி.வி.எஸ்.கே. பழனியப்பன் தொடங்கிய காளிமார்க் கம்பெனியின் பானம். 1950-களின் கடைசியில் வந்தது. கோலா நிறம், திராட்சை வாசம். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் "ஓடிப்போய் ரெண்டு கலர் வாங்கிட்டு வாடா" என்று நம்மை விரட்டிய காலம் நினைவிருக்கிறதா? கறிச்சோறு தின்று வயிறு திம்மென்று இருந்தால் ஒரு பவண்டோ, ஒரு ஏப்பம், அவ்வளவுதான்.

உருகினால் ஒரு பானம் பிழைக்காது என்பதற்கு கோல்ட் ஸ்பாட் சாட்சி. 1977-ல் கோகோ கோலா இந்தியாவை விட்டுப் போனது. பார்லேயின் ஆரஞ்சு கோல்ட் ஸ்பாட்டைக் குடிக்காத காலேஜ் பையன் அன்று உண்டா? 1993-ல் கோகோ கோலா திரும்பி வந்தது. அதே ஆண்டு பார்லே தன் பானங்களை அதனிடம் விற்றது. தம்ஸ் அப் தப்பித்தது. கோல்ட் ஸ்பாட் ஃபான்டாவுக்கு இடம் விட்டுக் காணாமல் போனது. இன்று அதை நினைத்து எழுதுகிறவர்கள் ஆயிரம் பேர். ஒரு பாட்டில் வாங்க ஒருவராலும் முடியாது.

2017 தை மாதம் ஜல்லிக்கட்டுக்காகப் பிள்ளைகள் தமுக்கத்தில் உட்கார்ந்தபோது, வெளிநாட்டுக் குளிர்பானம் வேண்டாம் என்ற குரலும் சேர்ந்து எழுந்தது. மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. பவண்டோவைத் தேடி வாங்கினோம். அந்தச் சூடு எத்தனை நாள் இருந்தது? வீம்புக்குக் குடித்தவர்கள் வீம்பு அடங்கியதும் பழைய பாட்டிலுக்கே போனார்கள். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஃப்ரிட்ஜ் கொடுக்கிற கம்பெனி அதில் தன் பாட்டிலைத்தான் அடுக்கச் சொல்லும். நாம் வாய் திறந்து கேட்டால்தான் அவர் வேறொன்றை வாங்கி வைப்பார்.

"எல்லாம் சர்க்கரைத் தண்ணிதானே சார், எதைக் குடித்தால் என்ன?" என்பார் ஒருவர். உண்மை. பவண்டோ கஷாயம் இல்லை. அதை மருந்து என்று பரப்பும் ஃபார்வர்டுகளை நான் நம்புவதுமில்லை. சர்க்கரை வியாதிக்காரர்கள் தள்ளியே இருக்கட்டும். ஆனால் சபையில் ஏதோ ஒரு சர்க்கரைத் தண்ணீரை வைக்கத்தானே போகிறீர்கள்? நம்மிடமிருந்து ஐம்பது கிலோமீட்டரில், நூறு வருஷத்துக்கு முன் முளைத்த கம்பெனியின் பாட்டிலை வைக்க ஏன் கூச்சம்? சென்னைச் சம்பந்தியைக் கூட்டிப்போய் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுக்கும்போது வராத கூச்சம் இதற்கு மட்டும் ஏன் வருகிறது?

அடுத்த முகூர்த்தத்துக்குச் சாமான் லிஸ்ட் போடும்போது "கூல்டிரிங்ஸ்" என்று பொதுவாக எழுதாதீர்கள். பவண்டோ என்று பெயர் சொல்லி எழுதுங்கள். எத்தனை பாட்டில் என்றும் எழுதுங்கள். படம் போட்டு உருகுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.