வானத்தில் வலி வந்தால் எந்த மொழியில் சொல்வது?

பிழைப்பைத் தேடி திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து பாறசாலையில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. 1956-இல் எல்லைக்கோடு விழுந்தபோது விளவங்கோடு தமிழகம் சென்றது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எங்கள் நாவுக்கு மட்டும் கோடு விழவில்லை. காலையில் களியக்காவிளையில் தமிழ். மாலையில் பாறசாலையில் மலையாளம். அப்படி இருமொழி பேசும் மனிதர் 35,000 அடி உயரத்தில் ஊமையாகிப் போனதைக் கேட்டதுண்டா, நண்பர்களே? என் சித்தப்பா ஆனார்.

சென்ற ஆண்டு ஷார்ஜாவிலிருந்து திருவனந்தபுரம் திரும்பினார். விமானம் ஏறுமுன்பே நெஞ்சில் பாரம். சொன்னால் இறக்கிவிடுவார்களோ, டிக்கெட் பணம் போய்விடுமோ என்ற அச்சம். மறைத்துவிட்டார். பாதி வழியில் வியர்த்துக் கொட்டியது. பணிப்பெண் ஆங்கிலத்தில் கேட்டார், இந்தியில் கேட்டார். இவர் சிரித்துத் தலையாட்டினார். தண்ணீர் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார். அவர்மேல் குற்றமில்லை, சிரிப்பவரை நோயாளி என்று யார் நினைப்பார்? பக்கத்து வரிசையில் இருந்த நெய்யாற்றின்கரை நர்ஸ் ஒருவர், "எந்தா மாமா, நெஞ்சு வேதனையா?" என்று கேட்ட பிறகுதான் வாய் திறந்தது. பிறகு பிராணவாயு வந்தது. இறங்குமிடத்தில் ஆம்புலன்சும் காத்திருந்தது. இன்று உப்பில்லாக் கஞ்சியைத் திட்டிக்கொண்டு நலமாக இருக்கிறார்.

விமானத்தின் உள்ளறைக் காற்று தரைமட்டக் காற்று அன்று. உயரப் பறக்கையில் உள்ளே இருக்கும் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் உள்ள அளவே. ஏறக்குறைய ஊட்டியில் உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். நலமான உடல் இதை உணராது. நலிந்த இதயம் உணரும். ஆகவே, தரையில் மறைத்த நோய் வானத்தில் வளரும்.

உதவிக்குப் பஞ்சமா? இல்லை. 2008 முதல் 2010 வரை ஐந்து விமான நிறுவனங்களில் நேர்ந்த 11,920 மருத்துவ அவசரங்களை ஆராய்ந்து, 2013-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏறத்தாழ பாதி நிகழ்ச்சிகளில் பயணிகளுள் ஒருவராக வந்த டாக்டரே உதவியிருக்கிறார். 2022 ஜூலையில் டெல்லி–ஐதராபாத் விமானத்தில் ஒருவர் நோயுற்றபோது எழுந்து சென்று உதவியவர், அன்றைய தெலங்கானா ஆளுநர், டாக்டர் தமிழிசை சௌந்தரராசன். "என்னால் விமானமே திரும்பிவிடுமே" என்று கூசுவோர்க்கும் அக்கட்டுரையில் விடை உண்டு: வழிமாறி இறங்கியவை நூற்றுக்கு ஏழே.

டாக்டர் இருக்கிறார், மருந்துப் பெட்டி இருக்கிறது. இல்லாதது சொல் ஒன்றுதான்! வளைகுடாவிலிருந்து திருவனந்தபுரத்துக்கும் திருச்சிக்கும் பறக்கும் ஒவ்வொரு விமானத்திலும், "உடல் நலமில்லையா? உடனே பொத்தானை அழுத்துங்கள்" என்று பயணியின் மொழியில் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. ஆங்கிலம் கற்றால் தீராதா என்பார் சிலர். ஐம்பத்தெட்டு வயதிலா? அதுவும் நெஞ்சுவலியோடா?

விமான நிறுவனங்கள் மனம் இரங்கும்வரை காத்திருக்க வேண்டாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், உண்ணும் மருந்துகள்: இவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய சிறு அட்டை ஒன்றைப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்தால் போதும், விரலால் தொட்டுக் காட்டலாம். இந்த விடுமுறையில் நம் மன்றத்தார் ஆளுக்குப் பத்து அட்டை எழுதுவோமா?

முதல் அட்டையைச் சித்தப்பாவுக்கு எழுதிக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். "மயக்கம்னு எழுதியிருக்கியே, தலை கறங்குதுன்னு எழுதுடே" என்றார். திருத்தி எழுதினேன்.