ஸ்கேன் நார்மல்... ஆள்?

"ஸ்கேன்தான் நார்மல்னு வந்துடுச்சே, அப்புறம் என்ன?"

போன வருஷம் முழுக்க நான் அதிகமா வெறுத்த கேள்வி இதுதான் மக்களே. கிளாஸ் எடுக்கிற சார் கேட்டார், பெரியப்பா கேட்டார், கூடப் படிக்கிறவனும் கேட்டான். எல்லாருக்கும் சேர்த்து இன்னிக்கு பதில் சொல்லிடறேன்.

கதை சின்னது. நண்பன் வண்டியில பின்னாடி உக்காந்து போனேன். குறுக்கே நாய், சடன் பிரேக், நான் ரோட்டுல. ஹெல்மெட் அவன் தலையில மட்டும் இருந்துச்சு. (பின்னாடி உக்கார்றவனும் போடணும்னு சட்டம் இருக்கு. தப்பு என்னோடதுதான், ஒத்துக்கறேன்.) சி.டி. ஸ்கேன் எடுத்தாங்க. ரத்தக்கசிவு இல்லை, எலும்பு உடையலை. மறுநாள் வீடு, நாலாம் நாள் காலேஜ்.

அங்கதான் ஆரம்பிச்சுது. கால்குலேட்டரைத் தொடாம காஸ்டிங் கணக்கு போட்டவன் நான். இப்ப ஒரே வரியை நாலு தடவை படிச்சாலும் அஞ்சாவது தடவை புதுசா இருந்துச்சு. டியூப்லைட் வெளிச்சம் கண்ணைக் குத்துச்சு, கேன்டீன் இரைச்சல் தாங்கலை. டீக்கடையில சில்லறை எண்ணும்போது தடுமாறி நின்னேன். இதுக்கு எல்லாரும் வச்ச பேரு சோம்பேறித்தனம். ஒருத்தர் "நடிப்பு"ன்னே சொல்லிட்டார்.

பி.காம். முதல் செமஸ்டர்ல நமக்கு என்ன சொல்லிக் கொடுத்தாங்க? ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆயிட்டா கணக்கு சரின்னு அர்த்தமில்லை. ஒரு பில்லை புக்ல ஏத்தவே மறந்தாலும் டேலி ஆகும். மெஷின் வாங்கினதை பர்ச்சேஸ் அக்கவுண்ட்ல எழுதினாலும் டேலி ஆகும். சி.டி. ஸ்கேனும் அப்படித்தான். ரத்தக்கசிவு, எலும்பு முறிவு மாதிரி உடனே ஆளைக் கொல்லக்கூடிய விஷயங்களை அது கண்டுபிடிக்கும். கன்கஷன்ல நடக்கிற கலாட்டா செல் அளவுல. அடிபட்டதும் நரம்பு செல்கள்ல இருந்து பொட்டாசியம் வெளியே பாயுது, கால்சியம் உள்ளே நுழையுது. அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மூளைக்கு எக்கச்சக்க சக்தி வேணும். அந்த நேரம் பார்த்து ரத்த ஓட்டம் குறையலாம். செலவு ஏறி வரவு இறங்கின கம்பெனி எப்படி ஓடும்? என் மண்டையும் அப்படித்தான் ஓடுச்சு. இதெல்லாம் அந்தப் படத்துல தெரியாது சார்!

கிரிக்கெட் பார்க்கறவங்களுக்குப் புரியும். 2019 ஆகஸ்ட், லார்ட்ஸ் டெஸ்ட். ஆர்ச்சர் போட்ட பவுன்சர் ஸ்டீவ் ஸ்மித் கழுத்துல பட்டுது. டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டு அன்னிக்கே திரும்ப வந்து பேட் பிடிச்சார். மறுநாள் காலையில தலைவலி, மந்தம். அவரை எடுத்துட்டு லபுஷேனை இறக்கினாங்க. அடுத்த டெஸ்ட்டும் ஸ்மித் ஆடலை. முதல் நாள் சரியா இருக்கிறவனுக்கு மறுநாள் பிரச்சினை வரலாம்னு தெரிஞ்சுதான் ஐ.சி.சி. அந்த வருஷம் கன்கஷன் சப்ஸ்டிட்யூட் ரூலே கொண்டுவந்துச்சு. நம்ம காலேஜ்ல இருக்கிற ரூல் என்ன? 75% அட்டெண்டன்ஸ்!

அடுத்து அட்வைஸ் பார்ட்டிகள். "மாசக்கணக்கா இருட்டு ரூம்ல படுத்துக்கோ"ன்னு ஒரு கோஷ்டி. அது பழைய கதை. 2022-ல ஆம்ஸ்டர்டாம்ல கூடின விளையாட்டு மருத்துவ நிபுணர்கள் சொன்னது: ஒண்ணு ரெண்டு நாள் ஓய்வு, அப்புறம் மெதுவா நடை, தொந்தரவு ரொம்ப ஏறாத அளவுக்கு வேலையைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டணும். "பிரெயின் கேம் ஆடு"ன்னு இன்னொரு கோஷ்டி. லுமோசிட்டி கேம் விக்கிற கம்பெனி, தலைக்காயத்தால வர்ற மந்தத்தைக்கூட குறைக்கும்னு விளம்பரம் பண்ணினதா அமெரிக்க அரசு கேஸ் போட்டு, 2016-ல 20 லட்சம் டாலர் கட்டி செட்டில் பண்ணின கதை தெரியுமா? வல்லாரைத் துவையல் பத்தி மட்டும் நான் எதுவும் சொல்ல மாட்டேன். அம்மா இதைப் படிப்பாங்க :)

எனக்குக் கைகொடுத்தது ரொம்ப சாதாரணமான விஷயங்கள். நேரத்துக்குத் தூக்கம். இருபது நிமிஷம் படிப்பு, பத்து நிமிஷம் கண்ணை மூடல். சாயங்காலம் நடை. மறந்துபோற எதையும் உடனே நோட்டுல எழுதறது. முழுசா தெளிய ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. அதுக்குள்ள காஸ்டிங் பேப்பர்ல அரியர் விழுந்துடுச்சு.

அதே செமஸ்டர்ல எங்க கிளாஸ்ல ஒருத்தன் கையை உடைச்சுக்கிட்டான். பரீட்சை எழுத ஆள் கொடுத்தாங்க, அவன் பையைத் தூக்க நாலு பேர் நின்னாங்க. நல்ல விஷயம், குறை சொல்லலை. ஆனா மாவுக்கட்டு போட்டாத்தான் அது காயமா? மண்டைக்குள்ள எப்படிய்யா மாவுக்கட்டு போடறது?

நான் கேக்கறது பெருசா ஒண்ணுமில்லை. டாக்டர் லெட்டர் கொடுத்தா ரெண்டு வாரம் அரைநாள் கிளாஸுக்கு விடுங்க. இன்டர்னல் டெஸ்ட்டைத் தள்ளி வைங்க. நண்பர்களே, நோட்ஸ் கொடுங்க, பட்டப்பேர் வைக்காதீங்க. பெரும்பாலானவங்க சில வாரத்துல, இல்லைன்னா மூணு மாசத்துக்குள்ள தேறிடுவாங்க. அந்த நேரத்தைக் கொடுக்க மனசில்லாம ஒருத்தனை மக்குன்னு முத்திரை குத்தினா, அந்த மக்கு அவன் இல்லை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, வெறும் பி.காம். அடிபட்ட பிறகு திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கிட்டே போற தலைவலி, வலிப்பு, கைகால் பலவீனம், எழுப்பினாலும் எழாத தூக்கம்னு எது வந்தாலும் இதைப் படிச்சுக்கிட்டு இருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. அரியரை கிளியர் பண்ணிட்டேன், 71 மார்க்!