கரூர் விரிப்புக்கு ஐரோப்பியப் பட்டம்

அந்தமானில் ரிசார்ட் கட்டுகிறவர்களுக்குச் சிமென்டும் கம்பியும் டைல்ஸும் சென்னைக் கப்பலில் வந்து இறங்குவதில் எந்தக் கூச்சமும் இல்லை. அரிசியும் வெங்காயமும்கூட அப்படித்தான் வருகின்றன. கட்டில் விரிப்பு என்றதும் மட்டும் குரல் மாறிவிடும். “நம்ம ஊர் சரக்கு வேண்டாம் சார், ஐரோப்பாவுல இருந்து எடுத்துடலாம்” என்பார் ஆலோசகர். முதலாளியும் தலையாட்டுவார். ஹேவ்லாக் தீவு 2018இல் ஸ்வராஜ் த்வீப் ஆகிவிட்டது. அங்குள்ள அறையின் பெருமையைச் சொல்ல மட்டும் இன்னமும் ஐரோப்பா தேவைப்படுகிறது. ஐரோப்பிய ஆலையில் நெய்ததுதான் உயர்ந்தது, நம் தறியில் நெய்தது இரண்டாந்தரம் என்ற நினைப்பு ஹோட்டல்காரர்களோடு நிற்பதில்லை. கல்யாணச் சீருக்கு பெட்ஷீட் வாங்கும் நம் வீடுகளிலும் அது உண்டு. ஆனால் அதன் அபத்தம் முழுதாகத் தெரிவது அந்தத் தீவுகளில்தான்.

அந்த ‘ஐரோப்பிய விரிப்பு’ எந்த ஊரில் நெய்யப்பட்டது என்று யாராவது கேட்டதுண்டா? கம்பெனியின் தலைமையகம் மிலானிலோ பாரிஸிலோ இருக்கலாம். தறி எங்கே ஓடுகிறது என்பது வேறு கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு ஜவுளி விதி, துணியில் பருத்தி எத்தனை சதவீதம், லினன் எத்தனை சதவீதம் என்று சீட்டில் எழுதச் சொல்கிறது. எந்த நாட்டில் நெய்தது என்று எழுதியே ஆகவேண்டும் என அது சொல்லவில்லை. வியாபாரத்துக்கு இந்த மௌனம் போதும். கரூரில் ஏதாவது ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் பேக்கிங் பிரிவுக்குள் போய்ப் பாருங்கள். துணியை விளக்கொளியில் விரித்து முடிச்சும் கறையும் தேடுகிறார்கள் பெண்கள். பிசிறு நூலை வெட்டுகிறார்கள். மடித்து, ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் அச்சிட்ட அட்டையைச் செருகி உறையில் போடுகிறார்கள். பெட்டிகள் தூத்துக்குடி வழியாகக் கப்பல் ஏறுகின்றன. பிறகு அதே துணி கடல் தாண்டி வந்து, சென்னையில் மறுபடி கப்பல் மாறி, மூன்று நாள் பயணத்தில் அந்தமானை அடைந்தால் அதற்குப் பெயர் ‘ஐரோப்பிய லினன்’. இறக்குமதியாகும் சில்லறைப் பொட்டலத்தில் உற்பத்தி நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. உறையைத் திருப்பிப் பார்க்கத்தான் ஆளில்லை.

ஐரோப்பிய ஆலைகளே இதற்கு எழுத்தில் சாட்சி சொல்லியிருக்கின்றன. இந்தியா, பாகிஸ்தான், எகிப்து நாடுகளின் பருத்தி விரிப்புகள் அடிமாட்டு விலைக்கு வந்து குவிகின்றன, எங்கள் பிழைப்பு போகிறது என்று யூரோகாட்டன் என்ற ஐரோப்பியப் பருத்தி ஆலைகளின் கூட்டமைப்பு முறையிட்டது. அதை ஏற்று 1997இல் அந்த விரிப்புகள்மீது பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டார்கள். இந்தியா 1998இல் வழக்கை உலக வர்த்தக அமைப்புக்குக் கொண்டுபோனது. ஐரோப்பியர் போட்ட கணக்கு அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. ஓர் ஏற்றுமதியாளர் பல வகை விரிப்பு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சில வகைகளை உள்நாட்டு விலையைவிடக் குறைத்து விற்றிருப்பார், சிலவற்றைக் கூட்டி விற்றிருப்பார். குறைத்து விற்றதையெல்லாம் முழுதாகக் கணக்கில் சேர்த்தார்கள். கூட்டி விற்றதற்குப் பூஜ்யம் போட்டார்கள். ஒன்றை மற்றொன்றில் கழித்திருந்தால் குற்றச்சாட்டே சுருங்கியிருக்கும். இந்தக் கணக்கு செல்லாது என்று 2001 மார்ச்சில் மேல்முறையீட்டு அமைப்பு தீர்ப்பளித்தது. வர்த்தகச் சட்டம் படிப்பவர்களுக்கு அது இன்றும் பாடம். நம் ஹோட்டல் முதலாளிக்கு மட்டும் அது காதில் விழவில்லை. ஐரோப்பியர்களின் கட்டில்களில் எந்த ஊர்த் துணி ஏறிவிட்டது என்று ஐரோப்பிய ஆலைகளே புலம்பியிருக்க, நாம் அவர்களிடம் போய் விரிப்பு கேட்கிறோம்.

“விலை மலிவு என்றுதானே புலம்பினார்கள், தரம் நன்று என்றா சொன்னார்கள்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தரம் போதாத துணியைத் தலைமுறைக்கும் வாங்கிக் கட்டிலில் விரிக்கிற அளவுக்கு ஐரோப்பியக் குடும்பப் பெண்கள் ஏமாளிகள் அல்லர். அந்தச் சந்தையின் பயமும் இன்று நேற்று வந்ததல்ல. இந்தியச் சித்திரத் துணிக்கு 1686இல் பிரான்ஸ் தடை போட்டது. 1700இலும் 1721இலும் இங்கிலாந்து சட்டம் போட்டது. லண்டனின் புகழ்பெற்ற நடிகர் டேவிட் காரிக்கின் கட்டிலுக்கென்று வந்த மசூலிப்பட்டினத்துத் துணியைச் சுங்க அதிகாரிகள் பறித்துக்கொள்ள, அவர் கெஞ்சிக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அந்தக் கட்டில் திரை இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தீவுகளின் பக்கம் வந்தாலும் இதே கதைதான்: நிக்கோபாரில் 1756இல் குடியேற்றம் தொடங்கிய டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியிலிருந்து போனவர்கள். தரங்கம்பாடியில் அவர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்தது மிளகுக்கும் துணிக்கும்தான்.

ஐரோப்பாவில் நல்ல விரிப்பே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. போர்ச்சுகலின் கிமராயிஸ் பக்கம் இன்றும் நல்ல ஆலைகள் ஓடுகின்றன. அசல் லினனுக்கு வேண்டிய ஆளிச்செடி பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து கடற்கரையோரம் விளைவதுபோல் வேறெங்கும் விளைவதில்லை. அந்த மண்ணும் ஈரக்காற்றும் அப்படி. லினன் வியர்வையை உறிஞ்சி விரைவில் உலரும், அந்தமானுக்கு ஏற்ற துணிதான். ஆனால் அந்த நாரில் பெரும்பங்கு சீனாவுக்கும் இந்தியாவுக்கும் வந்துதான் நூலாகிறது. கொல்கத்தாவை ஒட்டிய ரிஷ்ராவில் ஆதித்ய பிர்லா குழுமத்தின் ஆலை பிரான்ஸ், பெல்ஜியம் நாரை நூற்று லினன் துணி நெய்கிறது. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேருக்குக் கொல்கத்தாவிலிருந்தும் கப்பல் உண்டு. லினன்தான் வேண்டுமென்றாலும் ஐரோப்பாவரை போகத் தேவையில்லை.

அடுத்த மாயை, த்ரெட் கவுண்ட். 600, 1000 என்று எண் ஏறினால் துணி உயர்ந்தது என்று கேட்லாக்கைப் பார்த்து நம்புகிறோம். ஒரு சதுர அங்குலத்தில் பாவு நூல் எத்தனை, ஊடை நூல் எத்தனை என்று எண்ணிக் கூட்டினால் வருவது அந்த எண். ஒற்றை நூலில் நெய்தால் அதை ஓரளவுக்கு மேல் ஏற்ற முடியாது. இரண்டு மெல்லிய நூலை முறுக்கி ஒன்றாக்கி, எண்ணும்போது இரண்டாக எண்ணினால் 300 என்பது 600 ஆகிவிடும். அப்படி எண்ணுவது வாங்குபவரைத் திசைதிருப்பக்கூடும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் அதிகாரிகள் 2005லேயே சொல்லிவிட்டார்கள். ‘எகிப்தியப் பருத்தி’ என்ற மந்திரச் சொல்லின் கதையும் தெரிந்ததுதான்: எகிப்தியப் பருத்தி என்று விற்ற சுமார் ஏழரை லட்சம் உருப்படிகளில் வேறு பருத்தி இருந்ததாகச் சொல்லி, 2016இல் அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம் நம் நாட்டு ஜவுளி நிறுவனமான வெல்ஸ்பனோடு உறவை முறித்துக்கொண்டது. சீட்டை நம்பி வாங்கினால் யாரும் ஏமாறலாம், சீட்டு ஒட்டுவது நம்மவரே ஆனாலும்.

இந்த எண் விளையாட்டுக்கு அந்தமான் கொடுக்கும் விலை தனி. 40ஆம் நம்பர் ஒற்றை நூலில் 200 கவுண்ட்டில் நெய்த சாதா விரிப்பு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 120 கிராம் இருக்கும். முறுக்கு நூலில் நெய்த ‘600’ சாட்டின் 170 கிராமைத் தொடும். பெரிய கட்டிலுக்கு ஒரு விரிப்புக்கே 300 கிராமுக்கு மேல் கூடுதல். முப்பது அறை, அறைக்கு இரண்டு விரிப்பு என்றால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இருபது கிலோ துணி அதிகம். அது குடிக்கும் தண்ணீர் வேறு. ஆண்டுக்கு மூன்று மீட்டர் மழை பெய்யும் ஊர் அது. மே மாதம் தொடங்கினால் டிசம்பர்வரை காற்றில் ஈரம் போகாது. தகரக் கூரைக்கடியில் கொடியில் தொங்கும் சாட்டின் விரிப்பின் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். நடுப்பகுதி காய்ந்திருக்கும், இரட்டையாக மடித்துத் தைத்த விளிம்பு நாலாம் நாளும் பிசுபிசுக்கும். பூசணம் அங்கேதான் கரும்புள்ளியாகத் தொடங்கும். டிரையரில் போடலாம் என்றால், தீவின் மின்சாரம் பெரும்பாலும் டீசலில் ஓடுகிறது, அந்த டீசலும் கப்பலில் வருகிறது. கோடையில் போர்ட் பிளேரிலேயே தனிக்காரி அணை வற்றிக் குழாய்த் தண்ணீருக்கு முறை வைப்பார்கள். இத்தனையையும் மிலான் கேட்லாக்கில் தேடினால் கிடைக்காது. சலவைப் பிரிவில் வேலை செய்கிறவரிடம் கேட்டால் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். கொள்முதல் கூட்டத்துக்கு அவரை யாரும் கூப்பிடுவதில்லை.

“கரூர் பெட்ஷீட் வாங்கிப் பார்த்தோம் சார், ரெண்டு சலவைல சாயம் போயிடுச்சு” என்பது அடுத்து வரும் வாதம். போயிருக்கும். தெருவோரக் குவியலில் ஆக மலிவானதைப் பேரம் பேசி வாங்கிவிட்டு, ஐரோப்பாவின் ஆக உயர்ந்த சரக்கோடு அதை ஒப்பிட்டால் வேறென்ன முடிவு வரும்? கரூர்த் தறி, கேட்ட தரத்துக்கு நெய்கிறது. ஹாம்பர்க் வியாபாரி நூல் நம்பர், நெசவு, எடை, எத்தனை சதவீதம் சுருங்கலாம் என்பதுவரை எழுதிக் கொடுக்கிறார். சோதனைச் சீட்டு இல்லாமல் சரக்கை எடுப்பதில்லை. நாம் விலையை மட்டும் கேட்கிறோம். கரூரின் பாவமும் சின்னதல்ல: ஐரோப்பியக் கட்டில் வண்ணமயமானபோது அமராவதி ஆறும் சாயமேறியது. சாயக்கழிவைச் சுத்திகரிக்கும் ஆலையிடம்தான் வாங்குவேன் என்று சொல்லும் உரிமை உள்நாட்டு வாடிக்கையாளருக்கும் உண்டு. ஹோட்டலுக்கு வேண்டியது பெரும்பாலும் வெள்ளை விரிப்பு என்பதால் சாயத்தின் பங்கு அங்கே குறைவு, அது ஒரு நிம்மதி.

கடைசியாக, விருந்தினர் எதிர்பார்க்கிறார் என்ற சாக்கு. ஸ்வராஜ் த்வீப்பின் ராதாநகர் கடற்கரையில் நாளெல்லாம் உப்பு நீரில் ஊறி வந்து படுப்பவர் த்ரெட் கவுண்ட்டை விரலால் எண்ணுவதில்லை. விரிப்பு மொடமொடவென்று உலர்ந்திருக்கிறதா, ஈர வாடை இல்லாமல் இருக்கிறதா, இவ்வளவுதான் அவருக்குத் தெரியும். அதற்கு வேண்டிய ஆர்டர் ஒரு பக்கத்துக்குமேல் போகாது: சீப்பால் சீவி நூற்ற பருத்தி, 40 அல்லது 60ஆம் நம்பர் ஒற்றை நூல், சாதா நெசவு, 200 முதல் 300 கவுண்ட், 120 கிராம் எடை, ஒற்றை மடிப்பு விளிம்பு. கப்பல் தாமதமாகும் ஊர் என்பதால் கட்டிலுக்கு மூன்று செட் என்ற வழக்கமான கணக்குக்கு மேல் ஒன்றிரண்டு கூட்டிக்கொள்ளலாம். ஐரோப்பிய விலை கொடுக்காததால் மிச்சமாகும் பணம் அதற்குத் தாராளமாகக் காணும்.