பிள்ளையின் வயிற்றுக்குத்தும் எங்கள் தயக்கமும்

பிள்ளை வயிற்றுக்குள் நோகுதென்று அழுது சத்தியும் எடுத்தால், எங்கள் வீடுகளில் வரும் தீர்ப்பு இரண்டுதான்: ஒன்று செமியாக்குணம், மற்றது நாவூறு. ஓமத்தண்ணீர் அவித்துக் கொடுப்போம், மிளகாய் சுற்றிப் போடுவோம், விடியட்டும் பார்ப்போம் என்போம். பெரும்பாலும் சுகமாகியும் விடும். ஏனெனில் இவற்றில் அதிகமானவை கிருமியால் வரும் சாதாரண வயிற்றோட்டமே. அதற்கு மருந்தைவிட நீராகாரம்தான் முக்கியம். ஊரில் ஜீவனி கரைத்துக் கொடுத்தோமே, அதுபோன்ற பைக்கற்றுகள் இங்கும் மருந்துக்கடையில் உண்டு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தேக்கரண்டி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவேண்டாம். சோடாவும் பழச்சாறும் கூடாது.

ஆனால் எல்லா வயிற்றுக்குத்தும் விடியும்வரை பொறுக்காது என்பதே எமது கருத்து.

தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கும் நோ, குடல்வால் அழற்சியாக இருக்கலாம். சத்தி பச்சை நிறமாக வந்தால் குடல் அடைபட்டிருக்கலாம். கைக்குழந்தை விட்டுவிட்டு வீரிட்டு, முழங்காலை மடக்கி அழுது, மலத்தில் இரத்தமும் போனால் குடலுக்குள் குடல் செருகியிருக்கலாம். ஆண்பிள்ளைகள் விதையில் வரும் நோவை வெட்கத்தால் வயிற்றுநோ என்றே சொல்வார்கள். விதை முறுகியிருந்தால் ஆறு மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை செய்தால்தான் அதைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். இவை எல்லாவற்றுக்கும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டும்.

இன்னொன்று. அடிக்கடி தண்ணீர் குடித்து, அடிக்கடி சலம் போய், மெலிந்துவந்த பிள்ளை சத்தி எடுத்தால் அது நீரிழிவாக இருக்கலாம். பெரியவர்களின் வருத்தம் என்று நினைக்காதீர்கள். விரல்நுனியில் ஒரு துளி இரத்தம் போதும்; நாளைக்கென்று தள்ளாமல் அன்றே, அப்போதே பார்க்கவேண்டும்.

எங்களைத் தாமதிக்க வைப்பது அறியாமை மட்டுமல்ல. அகதியாக வந்த நாங்கள், யாருக்கும் கரைச்சல் கொடுக்காமல் ஒதுங்கி நிற்கப் பழகிவிட்டோம். ஆங்கிலம் தெரியாதென்று நோயாளிப் பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்கிறோம். நோவில் நெளியும் எட்டு வயதுப் பிள்ளை, அம்மா பயப்படுவா என்று பாதியை மறைத்துச் சொல்வதை எமது அறையிலேயே கண்டிருக்கிறோம். பிரித்தானியத் தேசிய சுகாதார சேவையில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். அதற்குப் பணம் இல்லை. சந்தேகமென்றால் 111, பிள்ளை சோர்ந்து மயங்கினால் 999.

ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் போகட்டும். எங்களுக்கு நட்டம் ஒரு இரவு நித்திரை மட்டும்தான்.