விளம்பரப் பொய்யும் நமது முறைப்பாடும்

இடம்பெயர்ந்த கமக்காரரிடம் விளம்பரம் இலகுவாக எடுபட்டுவிடுகிறது. இதற்கு அவரது அறியாமை காரணமல்ல. சொந்த ஊரில் வேரூன்றி வாழ்பவர், புதிய பசளையோ விதைநெல்லோ சந்தைக்கு வந்தால் முதலில் பக்கத்து வயற்காரரைக் கேட்பார். சென்ற போகத்தில் அது யாருடைய வயலில் எப்படி விளைந்தது என்று பார்ப்பார். 1990இலும், பின்னர் 2006, 2007ஆம் ஆண்டுகளிலும் படுவான்கரையையும் வாகரையையும் விட்டு ஓடிய குடும்பங்கள், காணியோடு சேர்த்து இந்தத் துணையையும் இழந்தன. சேமித்த விதைநெல் போயிற்று. பக்கத்து வயற்காரர் வேறு முகாமுக்குப் போனார். பற்றை மண்டிய வயலுக்குத் திரும்பியபோது, ஆலோசனை சொல்ல மிஞ்சியவை சுவரொட்டியும் வானொலியும் ஒலிபெருக்கி கட்டி வரும் ஓட்டோவும்தான். இன்று கைத்தொலைபேசியும் அவற்றோடு சேர்ந்துகொண்டது.

இத்தகையோரைக் காக்க நாட்டில் சட்டம் இல்லையா? இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம், 31ஆம் பிரிவுகள், வர்த்தகர் மக்களைத் தவறாக வழிநடத்துவதையும் பொருளின் தரம், பயன் பற்றிப் பொய் சொல்வதையும் தடை செய்கின்றன. நட்டமடைந்தவர் முறையிட்டால் அதிகாரசபை விசாரணை நடத்தி, நட்டஈடு கொடுக்கும்படியோ பணத்தைத் திருப்பித் தரும்படியோ கட்டளையிடலாம். வர்த்தகர் மறுத்தால் நீதவான் நீதிமன்றத்தின் மூலம் அதனை அறவிடவும் வழியுண்டு.

ஆனால் இந்தச் சட்டம் நமது வயலை நினைத்து எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்கப்படவும் வேண்டும். மின்விசிறி வாங்கியவருக்கு அந்தக் காலம் போதும். மூன்றரை மாத நெல்லை விதைத்தவர் என்ன செய்வார்? விதையின் குறை கதிர் வந்த பின்னரே வெளிப்படுகிறது. அறுவடைக்கு முன்னரே முறையிடும் காலம் முடிந்துவிடுகிறது. விதை, பசளை, பூச்சிநாசினி ஆகியவற்றுக்கு இந்தக் காலக்கெடு அறுவடை நாளிலிருந்து எண்ணப்பட வேண்டும் என்பதே நமது முதற் கோரிக்கை.

இன்னொரு தடையும் உண்டு. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வர்த்தகரின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் அறுவடைக்குப் பின் தருவதாகச் சொல்லிக் கடனுக்கு வாங்குபவர் எந்தத் துணிவில் பற்றுச்சீட்டுக் கேட்பார்? விற்பவரே கடன் கொடுப்பவராகவும் இருக்கும்போது, அவர்மீது முறையிட்டால் அடுத்த போகத்துக்கு யார் தருவார் என்ற பயம் வாயை அடைத்துவிடுகிறது. முறைப்பாடு வரவில்லை என்பதற்காக இங்கே ஏமாற்று இல்லை என்று அதிகாரிகள் எண்ணிவிடக் கூடாது.

முறைப்பாட்டுக்குக் காத்திராமல் விளம்பரத்தைத் தடுக்க அரசுக்கு இயலும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மதுசார விளம்பரங்களை முற்றாகத் தடை செய்தது. அங்கே யாரும் நட்டத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. விளம்பரம் செய்வதே குற்றம்.

அயல்நாட்டின் அனுபவமும் கவனிக்கத்தக்கது. இந்தியாவில் 1985இல் விளம்பரத் துறையினரே ஒரு விளம்பரத் தர நிர்ணயச் சபையை அமைத்தார்கள். முறைப்பாடுகளை ஆராய்ந்து, தவறான விளம்பரத்தைத் திருத்தும்படி அல்லது நிறுத்தும்படி அது கேட்கிறது. தோல் நிறத்தைக் காட்டி மனிதரைத் தாழ்த்தும் விளம்பரங்களுக்கு எதிராக 2014இல் அச்சபை விதி வகுத்தது. நமது பாவனையாளர் சட்டம் பொய்யைப் பற்றிப் பேசும் அளவுக்கு அவமதிப்பைப் பற்றிப் பேசவில்லை. வெயிலில் நாற்று நடும் நமது பெண் பிள்ளைகளுக்கு, கறுப்பு ஒரு குறை என்று சொல்லும் விளம்பரம் பொய்யைவிடக் குறைந்த தீங்கா செய்கிறது?

அதே இந்தியாவில், நோய்களைக் குணப்படுத்துவதாகப் பதஞ்சலி நிறுவனம் செய்த விளம்பரங்களுக்கு எதிராக 2022இல் இந்திய மருத்துவச் சங்கம் உச்ச நீதிமன்றம் சென்றது. 2023 நவம்பரில் நிறுவனம் உறுதிமொழி கொடுத்த பின்னரும் விளம்பரங்கள் நிற்கவில்லை. 2024 ஏப்ரலில் அது பத்திரிகைகளில் மன்னிப்புக் கேட்டபோது, அந்த மன்னிப்பு விளம்பரத்தின் அளவுக்குப் பெரியதா என்று நீதிபதிகள் கேட்டார்கள். அதன்பின் மன்னிப்பு பெரிதாக மீண்டும் வெளியானது. நியாயமான கேள்வி அது. ஒலிபெருக்கியில் ஊர் ஊராகச் சொல்லப்பட்ட பொய், அதே ஒலிபெருக்கியில் அதே ஊர்களில் திருத்தப்பட வேண்டும். ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் நட்டஈடு மற்றக் குடும்பங்களைக் காப்பாற்றாது.

சட்டம் திருந்தும்வரை நாம் சும்மா இருக்கலாமா? தனியாக முறையிடப் பயமென்றால் சங்கமாக முறையிடுவோம். கமக்காரர் அமைப்பும் மாதர் சங்கமும் ஒவ்வொரு போகத்திலும் வாங்கிய பொருட்களின் பற்றுச்சீட்டு, வெற்றுப் பை, பெயர்ச்சிட்டை, விளம்பரத் துண்டு ஆகியவற்றை ஒரே இடத்தில் சேர்த்து வைக்கட்டும். வானொலியில் கேட்டதை நாளும் நேரமும் போட்டு எழுதி வைக்கலாம். பயிரில் குறை கண்ட அன்றே விவசாயப் போதனாசிரியரை அழைத்துக் காட்டி, அவர் கண்டதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அறுவடை வரை காத்திருக்க வேண்டாம். முறைப்பாட்டைத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் நமக்கு உரிமையுண்டு. அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. வெளிநாட்டு வேலை விளம்பரம் கண்டால், கடவுச்சீட்டையும் பணத்தையும் கொடுக்குமுன், முகவருக்கு உரிமம் உண்டா என்று வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேளுங்கள்.

அதிகாரசபைக்கும் ஒரு வார்த்தை. வெல்லாவெளியிலிருந்தோ வாகரையிலிருந்தோ மட்டக்களப்புக்கு வந்து போவதற்கு ஒரு நாட்கூலி போய்விடும். ஆகவே விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் நடமாடும் சேவை வாவிக்கு அப்பால் வர வேண்டும்.

மந்தை மேய்த்த இறைவாக்கினர் ஆமோஸ், கள்ளத் தராசு வைத்து ஏழைகளை ஏமாற்றிய வணிகரைக் கண்டித்தார். இன்று அந்தத் தராசு விளம்பரப் பலகையிலும் இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டுவது வீண் சண்டையல்ல. அயலவருக்கு நாம் செய்யும் கடமை. வருகின்ற பெரும்போகத்துக்கு முன்னர் ஒவ்வொரு சங்கமும் இதற்காக ஒரு கூட்டம் கூட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.