துண்டாடப்பட்ட சாலை, கைவிடப்பட்ட பொறுப்பு

2023 நவம்பர் 12 அன்று உத்தரகண்டின் சில்க்யாரா சுரங்கப்பாதை இடிந்து, 41 தொழிலாளர்கள் 17 நாட்கள் மலைக்குள் சிறைப்பட்டனர். இதனை இயற்கையின் சீற்றம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆபத்தின் வித்து திட்டமிட்ட முறையிலேயே இருந்தது.

சார்தாம் சாலைத் திட்டத்தின் மொத்த நீளம் ஏறத்தாழ 900 கிலோமீட்டர். 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நெடுஞ்சாலை விரிவாக்கத்திற்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு அவசியம். மோடி அரசு என்ன செய்தது? ஒரே திட்டத்தை 53 துண்டுகளாக்கியது. ஒவ்வொரு துண்டும் 100 கிலோமீட்டருக்குள் அடங்கிவிட்டதால் எதற்குமே மதிப்பீடு தேவையில்லையாம்!

4.5 கிலோமீட்டர் சுரங்கத்திற்கு 2018இல் ஒன்றிய அமைச்சரவை அளித்த ஒப்புதலில் தப்பிக்கும் வழியும் இடம்பெற்றிருந்தது. விபத்து நேர்ந்தபோது அது காகிதத்தில் மட்டுமே இருந்தது. வடிவமைப்பு, கொள்முதல், கட்டுமானம் ஆகிய மூன்றையும் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைக்கும் ஒப்பந்த முறையில், கண்காணிக்க வேண்டிய அரசு வேடிக்கை பார்க்கிறது. ஒப்பந்தம் பெற்ற நவயுகா நிறுவனம் 55 கோடி ரூபாய்க்குத் தேர்தல் பத்திரங்கள் வாங்கியதை, 2024இல் உச்சநீதிமன்ற உத்தரவால் வெளியான பட்டியல் அம்பலப்படுத்தியது. தேர்தல் பத்திர முறையால் மிக அதிகமாகப் பயனடைந்த கட்சி பாஜக என்பதை நாடறியும்.

இறுதியில், எந்திரம் முறிந்து நின்ற இடத்தில் கையால் தோண்டிச் சென்று சகோதரர்களை மீட்டவர்கள் எலிவளைச் சுரங்கத் தொழிலாளர்களே.

திட்டங்களைத் துண்டாடி மதிப்பீட்டைத் தவிர்ப்பது சட்டப்படி தடைசெய்யப்பட வேண்டும். ஒப்பந்தங்களும் பாதுகாப்பு ஆய்வறிக்கைகளும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். பணியிடங்களை ஆய்வுசெய்யும் உரிமை தொழிற்சங்கங்களுக்கு வேண்டும். இவற்றைப் போராடியே பெற முடியும்.