குளிரைக் குறை சொல்லாதீர்கள்

டிசம்பர், ஜனவரி மாதங்களில் நுவரெலியாவில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "பிஞ்ச் வளர்த்தோம், குளிரில் செத்துவிட்டது." இதை என்னால் ஏற்க முடியவில்லை. வெளியில் வைக்கப்படும் குருவிகளைப் பெரும்பாலும் கொல்வது ஈரமும் காற்றும்தான். இரண்டையும் நம்மால் தடுக்க முடியும்.

நம் வீடுகளில் அதிகம் வளர்வது சீப்ரா பிஞ்ச். அதன் பூர்வீகம் அவுஸ்திரேலியாவின் வறண்ட நிலம். அங்கும் குளிர்கால இரவுகள் நன்றாகவே குளிரும். ஆனால் அது காய்ந்த குளிர். 12 கிராம் எடையுள்ள அந்தச் சின்னக் குருவி இறகுகளைப் புடைத்து, அவற்றுக்கிடையில் காற்றை அடைத்துப் போர்வையாக்கிக்கொள்ளும். இறகு நனைந்தால் போர்வை போயிற்று. இங்கோ வடகீழ்ப் பருவக்காற்றோடு தூறலும் மூடுபனியும் சேர்ந்தே வருகின்றன.

இங்கிலாந்தில் பிஞ்ச் வளர்ப்பவர்களின் பெரிய கவலை 16 மணித்தியால இரவு. இருட்டில் குருவி உண்ணாது என்பதால் விளக்குப் போடுவார்கள். நமது மிக நீண்ட இரவும் பன்னிரண்டரை மணித்தியாலத்தைத் தாண்டாது. மாலையில் தினை நிறைய இருந்தால் போதும்.

எங்கள் விறாந்தையில் நான்கு குருவிகள் இருக்கின்றன. கூண்டின் மேலேயும் மூன்று பக்கமும் வாப்பா பலகை அடித்துத் தந்தார். திறந்த பக்கம் காற்று வரும் வடகிழக்குக்கு எதிர்ப்புறமாக இருக்கிறது. இரவில் அதற்கு ஒரு சாக்கைத் தொங்கவிடுவேன். சிலர் கூண்டு முழுவதையும் பொலித்தீனால் சுற்றிவிடுகிறார்கள். உள்ளே வியர்த்து நீர் சொட்டும்; விடியும்போது குருவி நனைந்திருக்கும்.

"பாவம், அடுப்படிக்குக் கொண்டு வாங்க" என்பார் மூத்தம்மா. இரக்கத்தில்தான் சொல்கிறார். ஆனால் குருவியின் நுரையீரலுக்கு விறகுப் புகை ஆகவே ஆகாது. தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் உறைபனி இரவுகளில் மட்டும் கூண்டைப் புகையில்லாத அறைக்குத் தூக்கிவிடுகிறேன்.

இந்த மாதங்களில் முட்டையிடும் கூட்டையும் எடுத்துவிட வேண்டும். வீட்டுச் சிறுவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், பரவாயில்லை. குளிரில் சில பெட்டைகளுக்கு முட்டை வெளிவராமல் உள்ளேயே தங்கி, உயிர் போய்விடும்.

மழையும் காற்றும் படாத ஒரு மூலைகூட இல்லாத வீட்டில் குருவி வளர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. கூல்டியன் பிஞ்சை, அதன் நிறங்களுக்காக எவ்வளவு ஆசைப்பட்டாலும், நம் ஊரில் வெளியில் வைக்கவே கூடாது. அது வட அவுஸ்திரேலியாவின் வெப்பத்தில் வாழும் பறவை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை கேட்கிறது என்பதற்காக டிசம்பர் விடுமுறையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். கடைக்குள் கதகதப்பாக இருந்த குருவி, அன்றிரவே பனி விழும் விறாந்தையில் என்ன செய்யும்? ஏப்ரலில் வாங்குங்கள். குளிர் மெல்ல மெல்லக் கூடும்போது அதுவும் பழகிக்கொள்ளும்.